மைமூனா அளந்த நூறு மீட்டர்

என் ஆசை மச்சி மைமூனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பதில் சொல்லிவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இருந்த காலத்தில் நான் சலாம் சொல்லி முடிக்கும் முன்பே தேத்தண்ணீர் வைத்தாயா என்று கேட்பவள் நீ. அங்கே அந்த அவசரமெல்லாம் இருக்காது.

நீ அடங்கியிருக்கிற மையவாடிக்குப் போய் நின்று கதைப்பது நம் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நம் பேத்தி ஸஹ்லாவின் விளையாட்டுக் கழகம் இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. வீட்டாரில் ஒருவர் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். எல்லாரும் நிஸாவின் முகத்தைப் பார்த்தார்கள். என் மகள் பட்டதாரி, அவள்தான் எழுதுவாள் என்று நினைத்தார்கள். நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழையை ஸஹ்லா திருத்துவாள். வேறு ஒன்றிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஊரே படிக்கப் போகிறது, கோபிக்காதே.

கோபிக்காதே என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. பெருநாளுக்கு நீ அவிக்கிற இனிப்பு, அந்த வட்டிலப்பத்தின் மேல் நான் ஒரு பழி போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழி பொய் என்று போன மாதம் தெரிந்துவிட்டது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் சிரிக்காமல் கேட்க என்னால் முடியவில்லை. முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன், மலர் படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

கொரோனா வந்து நாட்டைப் பூட்டியபோது நம் ஸஹ்லா கொழும்பில் இருந்தாள். நிஸாவின் மூத்த மகள், உன் கூடப்பிறந்த காக்காவின், அதாவது என் வீட்டுக்காரரின், முதல் பேத்தி, நூறு மீட்டர் ஓடுகிற பிள்ளை. நாட்டுக்காக ஓடுவதற்குத் தெரிவு செய்து வைத்திருந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. வெளிநாட்டில் ஒரு போட்டி இருந்தது, அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். விடுதியையும் மூடினார்கள். கடைசி பஸ்ஸில் ஒரு பையோடும், ஆணி வைத்த சப்பாத்தோடும் வந்து இறங்கினாள். அப்போது அவள் நூறு மீட்டரைப் பன்னிரண்டு தசம் ஒன்று செக்கனில் ஓடுவாள். நீயும் நானும் அந்தத் தசம் ஒன்றைப் பிள்ளையின் பட்டம்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

வந்தவள் பத்து நாள் படுத்தே கிடந்தாள். மத்தியானம் ளுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்புவாள். காரைதீவுச் சேர்தான் போனில் கத்தினார். பள்ளிக்கூடத்தில் அவளை முதன்முதலில் ஓட வைத்த அந்த விளையாட்டு ஆசிரியர். இரண்டு கட்டை தூரத்தில் இருக்கிறார், ஆனால் ரோட்டில் தடை, வர முடியாது. மூச்சு போனால் திரும்பப் பிடிக்கலாம், வேகத்தைப் பத்து நாள் தொடாமல் விட்டால் கால் அதை மறந்துவிடும் என்று அவர் சொன்னதை நான் உன்னிடம் வந்து சொன்னேன். நீ என்ன சொன்னாய்?

"கால் மறக்கிறதுக்கு என்னகா அது என்ன ஓதின சூறாவா? எண்ட தோட்டம் சும்மாதானே கிடக்கு, அதுல ஓடட்டும்."

நம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் கடல் பக்கமாக நாடாபோல நீண்டு கிடக்கிற உன் தென்னந்தோட்டம். சுற்றுமதில் இருக்கிறது, பொலிஸ் பார்த்தாலும் குற்றம் இல்லை. அன்றைக்கே நாம் இரண்டு பேரும் ஓலையும் மட்டையும் பொறுக்கிக் கூட்டிப் பெருக்கினோம். எனக்கு முழங்கால் வலி, உனக்குச் சீனி வருத்தம். இரண்டு கிழவிகள் சேர்ந்து நாட்டுக்கு ஓடுகிற பிள்ளைக்கு ஓடுபாதை போட்டோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நூறு மீட்டரை எப்படி அளப்பது என்று ஸஹ்லா யோசித்தாள். நான் யோசிக்கவே இல்லை. என் தையல் மெசினில் இருந்த அளவு நாடாவை எடுத்து, உன் கிணற்றடியில் கிடந்த நீல நைலோன் கயிற்றில் சரியாக ஐந்து மீட்டர் வைத்து வெட்டினேன். ஐந்தை இருபதால் பெருக்கினால் நூறு. கயிறு இருபது தரம் விழ வேண்டும். கணக்கு என்னுடையது, கயிறு உன்னுடையது. நீ முன்னால் பிடித்துக்கொண்டு போனாய், நான் பின்னால் முனையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டு வயலில் நெல் அளக்கிற அதே ராகத்தில் நீ சத்தமாக எண்ணினாய். இருபது என்றதும் கையில் கிடந்த முருங்கைக் கம்பை, இலையை ஆய்ந்துவிட்டு மண்ணில் குத்தினாய். அதுதான் முடிவுக் கோடு. அதற்கு அப்பால் ஆட்டுப்பட்டி.

வெடி வைக்க ஆள் இல்லை. நீ சோத்துச் சட்டி மூடியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டாய். மூடியில் அடித்தால் ஓட வேண்டும். ஆனால் நீ எதையும் பிஸ்மி சொல்லாமல் தொடமாட்டாயே. நீ பிஸ்மி சொல்லும்போதே பிள்ளை பாய்ந்துவிடுவாள், மூடி பிறகுதான் கேட்கும். சேர் போனில் அதைப் பார்த்துவிட்டு, இப்படிப் பழகினால் கொழும்பில் ஒவ்வொரு தரமும் பிழையான தொடக்கம் என்று வெளியே போடுவார்கள் என்றார். அதற்குப் பிறகு நீ வாய்க்குள்ளேயே ஓதினாய், உதடு அசைவதை அவள் பார்க்காமல் இருக்க முந்தானையால் மூடிக்கொண்டு.

முருங்கைக் கம்பின் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நான். நேரம் பார்க்கிறவள் நான். முதல் நாள் பன்னிரண்டு தசம் ஒன்பது. சரி, படுத்துக் கிடந்த உடம்பு என்றார் சேர். இரும்புத் தடி தூக்க வழி இல்லாததால் சம்பா மூட்டையைத் தோளில் வைத்து எழும்பி உட்கார்ந்தாள். நிஸாவின் கட்டி முடியாத மாடிப்படியில் ஏறி இறங்கினாள். அவளுக்காகவே அந்த வீடு முடியாமல் கிடந்ததுபோல. நோன்பு வந்தது. நோன்பு திறக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது ஓடிவிட்டு, மதிலில் சாய்ந்து பாங்குக்குக் காத்திருப்பாள். அந்த வருஷம் பள்ளிவாசலில் கஞ்சி இல்லை, நீதான் காய்ச்சினாய். நேரம் பன்னிரண்டு தசம் ஏழுக்கு வந்தது.

அங்கேயே நின்றது. ஒரு மாதம், அந்த ஏழு அசையவே இல்லை. எத்தனை மூட்டை தூக்கியும், எத்தனை படி ஏறியும் ஏழு. நூறு மீட்டரில் அரைச் செக்கனுக்கு மேல் பிந்துவது என்றால் எவ்வளவு என்று சேர் எனக்கு விளங்கப்படுத்தினார். கொழும்பில் அவளோடு ஓடிய பிள்ளைகள் கோட்டைத் தாண்டும்போது இவள் நாலைந்து மீட்டர் பின்னால் வந்துகொண்டிருப்பாள். அவள் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள்.

அப்போது சேர் என்னிடம் ஒன்று கேட்டார். மச்சி, இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

"ராத்தா, அந்தத் தூரம் சரியாத்தானே அளந்தீங்க?"

"சேர், அஞ்சாம் வகுப்புல நான் கணக்குல முதலாம் பிள்ளை" என்றேன் நான். மனிதர் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுபடி ஒருதரம் கயிற்றைப் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. நாம் அளந்ததை நாமே சந்தேகப்படுவதா என்ற பெருமை.

தூரத்தில் பிழை இல்லை என்றால் வேறு எதில் பிழை? பெருநாளுக்கு மூன்று நாள் கழித்து, உன் குசினி வாசலில் நின்று நான் சொன்னேன்.

"உண்ட வட்டிலப்பம்தான் மைமூனா புள்ளைட கால்ல ஏறி இரிக்கி. ஓடுற புள்ளைக்கு இவ்வளவு கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் குடுத்தா அது எப்படி ஓடும்?"

நீ சிரித்தாய். எப்போதும் சிரிக்கிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு. சிரித்துவிட்டு, ஏலக்காய் தூவி மூடி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஸஹ்லாவுக்கு நீ வட்டிலப்பம் அவிக்கவே இல்லை. அடுத்த பெருநாளுக்கும் இல்லை, அதற்கு அடுத்ததற்கும் இல்லை. முட்டை அவித்துக் கொடுத்தாய், வாழைப்பழம் கொடுத்தாய். உன் கையால் செய்கிற வட்டிலப்பத்துக்குக் கல்முனையில் ஆள் இல்லை என்று ஊர் சொல்லும், உன் காக்காவின் பேத்திக்கு மட்டும் அது இல்லை.

பெருநாள் முடிந்து ஒரு கிழமைக்குள் பிள்ளை சப்பாத்தைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். எனக்கு வேகம் போயிட்டுது மூத்தம்மா, இனி என்னத்துக்கு என்று என்னிடம் சொன்னாள். நான் அழுதேன். நிஸா சட்டம் கதைத்தாள். நீயோ பின்னேர அசர் தொழுதுவிட்டுத் தோட்டத்து வாசலில் வந்து நின்று சட்டி மூடியில் அடித்தாய். பிள்ளை வரவில்லை. திரும்ப அடித்தாய். ஆடுகள் எல்லாம் கத்தின. கடைசியில் அவள் கதவைத் திறந்தாள்.

"நான் ஓடுறல்ல மூத்தம்மா. மெதுவாத்தான் வருது."

"மெதுவா வந்தா வரட்டும். எனக்கு இந்த மூடிய அடிக்காட்டி அசர் முடிஞ்ச மாதிரியே இல்ல. எனக்காக ஒருக்கா ஓடிட்டுப் போ மகள்."

உனக்காக ஒருக்கா ஓடினாள். அப்படியே அடுத்த நாளும் உனக்காக ஒருக்கா. அந்த ஒருக்கா இல்லாவிட்டால் அந்தச் சப்பாத்து இன்றைக்கும் அலுமாரியில்தான் இருக்கும். இதை நான் அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு பூட்டைத் திறந்தார்கள், கொழும்புக்குப் போனாள். போய்ப் பார்த்தால் பிள்ளைகள் பாவம். ஒருத்தி ஆறு கிலோ கூடியிருந்தாள். இன்னொருத்தி வந்த அவசரத்தில் முழு வேகத்தில் பாய்ந்து தொடையின் பின் தசையைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நீளம் பாய்கிற பிள்ளைக்கு அடி எடுத்து வைக்கிற கணக்கே மறந்துபோனதாம். வீட்டுக்குள் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்த உடம்புகள். நம் பிள்ளை முதல் நாள் ஓடினாள். பன்னிரண்டு தசம் ஒன்று. போனில் அழுதாளே, உனக்கு ஞாபகம் இருக்கும். போகும்போது எப்படி இருந்தாளோ அப்படியே. நல்ல ஓடுபாதை, சப்பாத்து ஆணி பிடிக்கிற தரை, அதனால்தான் என்றோம். நீயோ வட்டிலப்பத்தை நிறுத்தியதால்தான் என்றாய். நான் மறுக்கவில்லை.

பிறகும் நாட்டைப் பூட்டினார்கள், திறந்தார்கள். பூட்டிய போதெல்லாம் அதே தோட்டம், அதே மூடி, அதே தசம் ஏழு. இங்கே ஏழு, அங்கே ஒன்று. மணலில் கால் புதையும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அதற்கடுத்த வருஷம் அவள் முதன்முதலாகப் பன்னிரண்டுக்குக் கீழே ஓடினாள். பதினொன்று தசம் ஒன்பது. நீ தெருவில் போகிறவர்களை எல்லாம் நிற்பாட்டிச் சொன்னாய், மீன்காரன் உட்பட.

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போவதற்கு நாலு நாளைக்கு முதல் நான் உன் தலைமாட்டில் இருந்தேன். புள்ள இப்ப எவ்வளவுக்கு ஓடுறாள் என்று கேட்டாய். பதினொன்று தசம் எட்டு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப நான் வட்டிலப்பம் குடுக்காம உட்டது நல்லதுதான் என்ன?" என்றாய்.

ஓம் என்றேன் நான். அந்த ஓமைத்தான் மச்சி இனி என்னால் திரும்ப எடுக்க முடியாது.

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன். ஸஹ்லா இப்போது நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு டீச்சர். இன்னும் ஓடுகிறாள். அந்தியில் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறாள், மைதானத்தைக் கிரிக்கெட்காரர்கள் விடமாட்டார்கள் என்பதால் உன் தோட்டத்தில். உன் மகன் முகம் சுளிக்காமல் திறந்து விட்டிருக்கிறான். பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கோடு போட வேண்டும் என்று காரைதீவுச் சேர் இரும்பு நாடா கொண்டு வந்தார். வயது போய்விட்டது அவருக்கும், குனியும்போது நிமிரும்போது இரண்டு முறையும் முனகுகிறார்.

நூறு மீட்டரில் நாடா முடிந்தது. உன் முருங்கை இன்னும் அப்பால் நிற்கிறது. முருங்கையேதான் மச்சி, கம்பு இல்லை. நீ குத்திய கம்பு வேர் விட்டுத் துளிர்த்து இப்போது மதிலுக்கு மேலே நிற்கிறது, காய்க்கிறது. அதனால்தான் இடம் தப்பவில்லை. சேர் இன்னொருதரம் அளந்தார். நாடா முனையில் இருந்து முருங்கைக்குச் சரியாக ஐந்து மீட்டர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கில் முதலாம் பிள்ளையை.

"ராத்தா, எப்படி அளந்தீங்க, ஒருக்கா காட்டுங்க" என்றார் சேர். எனக்குக் கோபம் வந்தது. அந்த நீலக் கயிறு உன் ஆட்டைக் கட்டிக் கிடந்தது, அவிழ்த்து எடுத்தேன். நாடாவை வைத்தோம், கயிறு ஐந்து மீட்டர், ஒரு விரல் பிசகில்லை. ஸஹ்லா பின்முனையைப் பிடித்தாள். நான் உன்னைப்போல முன்னால் போனேன், உன்னைப்போலவே ராகம் போட்டு. முதல் கயிறு நிலத்தில் விழுந்தது, என் வாய் தன்பாட்டில் சொன்னது:

"பறக்கத்து."

இரண்டாவது கயிறு விழுந்தது. "ஒண்டு."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

மலர் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மைமூனாவின் வீட்டில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை எண்ண மாட்டார்கள். பறக்கத்து, அதாவது அல்லாஹ்வின் அருள், என்று சொல்லி ஏழைகளுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்ததில் இருந்துதான் ஒன்று, இரண்டு. சின்ன வயதில் இருந்து அவள் கை அப்படித்தான் அளந்தது. அவள் காக்காவை நான் கட்டிய நாளில் இருந்து என் காதும் அதைத்தான் கேட்டது. அன்றைக்குத் தோட்டத்தில் அவள் பறக்கத்து என்று தொடங்கியபோது எனக்கு அது பிழையாகவே படவில்லை. இருபது கயிறு என்று நான் சொன்னேன், அவள் இருபது எண்ணினாள். எண்ணாத ஒரு கயிறு மண்ணில் கிடந்தது.

ஸஹ்லா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. "நான் நூத்தி அஞ்சு மீட்டர் ஓடி இரிக்கன் சேர், அந்தக் கொரோனா முழுக்க" என்றாள். அந்த ஐந்து மீட்டரை ஓட அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் கூட வேணும், தசம் ஏழு வந்தது அதனால்தான் என்று சேர் மணலில் விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். பிள்ளையின் கால் எதையும் மறக்கவில்லை. வட்டிலப்பம் எந்தக் காலிலும் ஏறவில்லை.

சேர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு முருங்கை வரைக்கும் நடந்தார். பிறகு சொன்னார்:

"உறுதியா ஒண்டும் சொல்ல ஏலா ராத்தா. ஆனா முந்தி இவள் எண்பது மீட்டரோட விட்டுருவாள். கோடு வாறதுக்கு முன்னமே உடம்பு நிண்டுரும். எவ்வளவு ஏசியும் திருந்தல்ல. கொரோனாக்குப் பிறகுதான் கோட்டையும் தாண்டி ஓடுறாள்."

அவர் படித்த மனிதர், உறுதியாகச் சொல்ல மாட்டார். நான் ஐந்தாம் வகுப்பு, நான் சொல்வேன். மற்றப் பிள்ளைகளுக்கு நூறு மீட்டரில் ஓட்டம் முடியும். நம் பிள்ளைக்கு நூறு மீட்டரில் முடியாது, அதற்குப் பிறகு உன் பறக்கத்து இருக்கிறது. வேகம் குறையாமல் அதையும் ஓட வேண்டும் என்று அவள் காலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இப்போது சொல், நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது எதற்கு? வட்டிலப்பத்துக்கா, ஓம் என்று சொன்னதற்கா, திரும்ப அளக்காமல் விட்டதற்கா? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தரமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள். திரும்ப அளந்திருந்தால் அந்த ஐந்து மீட்டர் நமக்குக் கிடைத்திருக்காது என்றும் ஒரு யோசனை வருகிறது. அதைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நீ சிரிப்பாய்.

புதுக் கோடு போட்டாயிற்று. நூறு மீட்டரில், வெள்ளைச் சுண்ணாம்பில், சேரின் நாடாப்படி. முருங்கையை வெட்டலாமா என்று உன் மகன் கேட்டான். நான் பார்த்த பார்வையில் கத்தியைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். ஸஹ்லா பிள்ளைகளிடம், நேரம் பார்ப்பது வெள்ளைக் கோட்டில், நிற்பது முருங்கையில் என்று சொல்லியிருக்கிறாள். நேற்று ஒரு சின்னப் பிள்ளை முருங்கையைத் தொட்டுவிட்டு, பறக்கத்து என்று கத்தினாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ. மூடி அடிப்பது இப்போது நான். பிஸ்மியை வாய்க்குள்தான் சொல்கிறேன்.

ஸஹ்லா அடுத்த கிழமை கொழும்பில் ஓடுகிறாள். இருபத்தாறு வயது, இது கடைசி வருஷமோ என்னவோ, சேர் சொல்கிறார் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று. எத்தனையாவது வந்தாலும் வரட்டும். அவள் வீட்டுக்கு வருகிற அன்று நான் வட்டிலப்பம் அவிப்பேன். உன் அளவில், உன் சட்டியில், ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக. உன்னுடையது மாதிரி வராது, தெரியும். பிள்ளை சாப்பிடுவாள். வெட்டி வைக்கும்போது எண்ணித்தான் வைப்பேன், முதல் துண்டை மட்டும் எண்ண மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்கு முன்பே அங்கே போன உன் காக்காவுக்கும் இதைப் படித்துக் காட்டு. கணக்கில் நான் முதலாம் பிள்ளை என்று அவரிடமும் சொல்லித்தான் கல்யாணம் முடித்தேன். இனி அவர் என்ன சொல்வாரோ.

உன் காக்காவைக் கட்டியவள், இருபது என்று சொல்லி இருபத்தொன்றை உன்னோடு அளந்தவள்,
உன் மச்சி ஆசியா உம்மா